சிபுவின் பாஸ்போர்ட் காப்பி

1

கடவுளிடம் பாஸ்போர்ட் காப்பி கேட்டவன் நான். வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோவும் கேட்டேன். நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று. என்னைக் கண்டதும் ஆபீஸில் டீ கப்போடு வேறு பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஊரில் இருக்கிற நீங்கள்தான், மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். துபாய் அல் கூஸில், மேடையும் லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் நான் பி.ஆர்.ஓ. ஊரில் அதைக் கேட்டால் கோட்டுப் போட்டுக்கொண்டு பத்திரிகைக்காரர்களோடு கை குலுக்குகிற ஆள் என்று நினைப்பார்கள். என் மாமனார் அப்படி நினைத்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். இங்கே பி.ஆர்.ஓ. என்றால் பேப்பரோடு அலைகிறவன். விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, கச்சேரிக்கு அனுமதி, எல்லாவற்றுக்கும் டைப்பிங் சென்டருக்கும் கவுன்டருக்கும் நடுவில் ஓடுகிறவன். இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஓட்டம் மட்டும் குறையவில்லை.

பேப்பர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யாருடைய விண்ணப்பம் திரும்பி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "இதெல்லாம் ஒரு மேட்டராக்கும்?" என்று சொல்லிக்கொண்டே வாங்குவேன். எங்கள் குளச்சல் பக்கத்துப் பேச்சில் 'ஆக்கும்' இல்லாமல் ஒரு வாக்கியமும் கரை சேராது. ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஷெரினுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். நான் போனில் பேசும்போது அவள் விரலை மடக்கி 'ஆக்கும்' எண்ணுவாள். கை விரல் போதாமல் கால் விரலுக்குப் போவாள். அவள் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் வந்ததில்லை. அவளுக்கு எல்லாம் ஆங்கிலம்தான். தமிழ், சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கிற அளவுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெயர் எம். அருளப்பன். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்தபோது அப்பாவின் பெயர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் நான் மிஸ்டர் மைக்கேல். கவுன்டரில் கூப்பிட்டால், குளச்சலில் டீ குடித்துக்கொண்டிருக்கிற அப்பாதான் எழுந்து வர வேண்டும். நான் எழுந்து போகிறேன். ஷெரினுக்கோ என் பெயர் வாலாகப் போய் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவள் மிஸ் அருளப்பன். "எங்க போனாலும் நீங்க பின்னாடியே வர்ற மாதிரி இருக்குப்பா," என்று ஒருமுறை ஆங்கிலத்தில் சொன்னாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

2

போன மாதம் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஜாஸ் கச்சேரி வேலை வந்தது. அல் கூஸில் ஒரு பழைய கிடங்கை அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மார்பிள் அறுக்கிற பட்டறை, அந்தப் பக்கம் டயர் கடை, நடுவில் கலை. வாசிக்க வருகிறவர்கள் கோஸ்டாரிக்காவிலிருந்து நான்கு பேர். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் நாடுகளின் வரிசையில் எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

குழுவின் தலைவி பியானோ வாசிக்கிற மரிசோல் என்ற பெண்மணி. அவருடைய அம்மா, தலமங்கா என்ற மலைக்காட்டில் வாழும் பிரிப்ரி பழங்குடி. அந்த மக்களின் ஆட்டமும் கதைகளும் வேலைச் சத்தங்களும்தான் அவர் ஜாஸில் கொண்டுவருகிற சரக்கு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஷெரின்.

அவளுக்கும் இதில் பங்கு இருந்தது. ஷார்ஜா சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குக் கொயரில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தவள், யூடியூபைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். கச்சேரிக்கு முந்தின வாரம் மரிசோல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவார், முன்கூட்டியே வீடியோ அனுப்பி அதற்குத் தேறுகிறவர்கள் கடைசிப் பாட்டில் குழுவோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஷெரின் தேறினாள். குழுவின் பேஸ்காரர் அந்தப் பாட்டுக்கு மட்டும் புல்லாங்குழல் எடுப்பார், அவர் இடத்தில் இவள். சேதி வந்த அன்று வீட்டில் சோஃபா மேல் ஏறிக் குதித்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி அனுமதி, அதைப் பள்ளிக்கூடமே வாங்கிவிட்டது. குழுவுக்கு வாங்க வேண்டியது நான். மகள் வாசிக்கிற மேடைக்கு அப்பா கையால் பெர்மிட். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

மரிசோல் ஊரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பியானோ இப்படி, டிரம்ஸ் அப்படி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "கடைசிப் பாட்டை சிபு தொடங்கிவைப்பார். அவருக்கு மேடை நடுவில் ஒரு மைக் வேண்டும்," என்றார்.

வளைகுடாவில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சலாலாவில் ஏ.சி. பழுது பார்க்க வருகிறவர் ஷிபு. ரியாத் பத்தா கடைத்தெருவில் சிம் கார்டு விற்கிறவர் ஷிபு. எங்கள் கம்பெனியிலேயே லைட் போடுகிற எலெக்ட்ரீஷியன், கொல்லத்துக்காரர், ஷிபு. மலையாளி இல்லாத இடமும் இல்லை, ஷிபு இல்லாத மலையாளிக் கூட்டமும் இல்லை. கோஸ்டாரிக்கா வரைக்கும் ஒருவன் போய்ப் பாடுகிறான் என்றால் பாடட்டுமே, நல்லதுதானே! நான்கு பேருக்குக் கீழே ஐந்தாவது கலைஞர் 'சிபு' என்று விண்ணப்பத்தில் ஏற்றினேன்.

ஏற்றிவிட்டு மரிசோலுக்கு வாட்ஸப்பில் கேட்டேன், சிபு எந்த ஊர் என்று. "எல்லா ஊரும்" என்று பதில் வந்தது. சரி, சுற்றிக்கொண்டே இருக்கிற கலைஞர் என்று எடுத்துக்கொண்டேன். சிபுவின் பாஸ்போர்ட் காப்பியும், வெள்ளைப் பின்னணியில் போட்டோவும் அவசரம் என்று எழுதினேன். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் மூன்று வந்தன. எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கலைஞர்களுக்கே பேப்பர் என்றால் விளையாட்டு. வந்து இறங்கட்டும், நேரில் பிடித்துக்கொள்கிறேன் என்று விண்ணப்பத்தை அப்படியே அனுப்பினேன்.

3

கச்சேரி சனிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'ஐந்தாம் கலைஞர்: பாஸ்போர்ட் இல்லை.'

நேரே பயிற்சி நடக்கிற கிடங்குக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கோபம் பாதி கீழே விழுந்துவிட்டது. மரிசோலின் இடது கை பியானோவில் கர்ர், கர்ர் என்று எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. கல்மேல் கல் வைத்துக் கொக்கோ அரைக்கிற சத்தமாம் அது, பிறகு ஷெரின் சொன்னாள். வலது கை அதன்மேல் ஏறி ஓடுகிறது, நொண்டுகிறது, விழப் போகிறது, விழவில்லை. டிரம்ஸ்காரர் ஒரு பக்கம் போகிறார், சாக்ஸ்காரர் இன்னொரு பக்கம் போகிறார், இனிமேல் இவர்கள் சேரவே மாட்டார்கள் என்று நான் கவலைப்படும்போது சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அதுவரை ஜாஸ் என்றால் சவுண்ட் செக் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம் எனக்கு. அன்று காலடியில் தரை நடுங்குகிற மாதிரி இருந்தது. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஓரத்தில் நின்ற என் மகளின் விரலிலிருந்து.

வாசித்து முடித்தார்கள். நான் கடமைக்குத் திரும்பினேன்.

"மேடம், மிஸ்டர் சிபு எங்கே? அவருடைய பாஸ்போர்ட் எனக்கு இன்றைக்கே வேண்டும்."

மரிசோல் பியானோவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் மைக்கேல், நீங்கள் மெசேஜில் விளையாடவில்லையா?" என்றார் மரிசோல்.

"விளையாட்டா? மேடம், அவர் வராவிட்டால் பெர்மிட் வராது. ஓட்டலில் தூங்குகிறாரா?"

பயிற்சிக்கு வந்த பள்ளிப் பையன் ஒருவன் முதலில் சிரித்தான். அப்புறம் டிரம்ஸ்காரர். அப்புறம் எல்லோரும். ஷெரின் சிரிக்கவில்லை. அவள் முகம் காதுவரைக்கும் சிவந்திருந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக. "சிபு இஸ் காட்."

"எந்த ஷிபு?"

"அப்பா, ப்ளீஸ். அவங்களோட கடவுள். உலகத்தைப் படைச்சவர். சோள விதை மாதிரி மனுஷங்களைக் கொண்டுவந்து விதைச்சவர். அவர் பேர் சிபு."

என் கையில் திரும்பி வந்த விண்ணப்பம் இருந்தது. அதில் ஐந்தாவது இடத்தில், பாலினம் ஆண், தொழில் பாடகர் என்று போட்டிருந்தேன்.

மரிசோல் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அந்தப் பாட்டு தொடங்கும் முன் அவர் சிபுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாசிக்க மாட்டார்கள். நடுவில் இருக்கும் மைக் காலியாகவே நிற்கும். அந்த மைக் அவருக்கு, அவ்வளவுதான். அந்தப் பழங்குடி வைத்தியர்கள் பாடும் புனிதப் பாட்டுகளை மேடையில் தொடுவதில்லை, அவற்றைப் பாட அவருக்கு உரிமையும் இல்லை. பெயரும் காலி மைக்கும் அவருடைய சொந்த வழக்கம்.

எனக்கு ஆச்சரியமான ஆச்சரியம். இத்தனை வருடத்தில் யாருமே பேசப் போகாத மைக்குக்கு நாங்கள் வாடகை வாங்கியதில்லை.

4

ஷெரினை ஏற்றிக்கொண்டு ஷார்ஜா ரோட்டு டிராபிக்கில் மாட்டினேன். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். "நானாக்கும் என்ன செய்ய மக்ளே? அந்த அம்மாவாக்கும் 'அவருக்கு ஒரு மைக்'னு சொன்னது." அவள் விரல் மடக்கி எண்ணவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

வீட்டில் ஜெசிந்தா டூட்டி முடித்து வந்திருந்தாள். என் மனைவி, கிளினிக்கில் நர்ஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சேருங்க, ஊரெல்லாம் பேரைத் திருத்திக் குடுக்கிய ஆளாக்கும் நீங்க," என்றாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்போது ஷெரின் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அப்பா, பெர்மிட் வருமா?"

"வரும். நானாச்சு."

"வந்தா..." என்று நிறுத்தினாள். "சனிக்கிழமை நீங்க வரவேண்டாம். அம்மா மட்டும் வரட்டும். ப்ளீஸ். எல்லாரும் உங்களையே பாத்துச் சிரிப்பாங்க. எனக்கு வாசிக்க வராது."

ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் புரியாத மாதிரி நடித்திருப்பேன். தமிழில் சொன்னாள், அதுவும் பார்த்துப் பார்த்து வார்த்தை எடுத்து. வலித்தது, வேறென்ன சொல்ல. அடுத்த வருடம் படிப்புக்கு எந்த நாட்டுக்குப் போகப் போகிறாளோ தெரியாது. இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது, பள்ளி முடிந்தால் பறந்துவிடும். பறப்பதற்கு முன் அவள் வாசிப்பதை ஒரு தடவை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க நினைத்திருந்தேன்.

"சரி மக்ளே," என்றேன். "ஆனா நான் டூட்டியில அங்கதான் இருக்கணும். பின்னால லாரிகிட்ட நிக்கேன். முன்னால வரமாட்டேன்."

5

வியாழக்கிழமை காலையில் டோக்கன் எடுத்துக்கொண்டு அனுமதி ஆபீஸில் உட்கார்ந்தேன். கவுன்டரில் இந்த நாட்டுப் பெண் அதிகாரி, சின்ன வயது, சுறுசுறுப்பு. திரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் மைக்கேல். ஐந்தாம் ஆளின் ஜவாஸ் எங்கே?" ஜவாஸ் என்றால் பாஸ்போர்ட்.

"மாஃபி ஜவாஸ்," என்றேன். இல்லை என்பதற்கு இங்கே அந்த ஒரு 'மாஃபி' போதும்.

"ஏன் மாஃபி?"

"மாஃபி நஃபர்." ஆளே இல்லை.

அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "ஆள் இல்லையென்றால் சிபு யார்?"

டைப்பிங் மிஸ்டேக் என்று தப்பிக்கலாம். உண்மையைச் சொன்னால், இது கச்சேரியா வழிபாடா, அதற்கு வேறு இலாகாவில் போய்க் கேள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கடவுளை நான்காவது இசைக்கலைஞருக்குக் கீழே எழுதியவனை என்ன நினைப்பார்? ஆனால் பொய் சொன்னால் அந்தப் பொய்க்கும் ஒரு அட்டாச்மென்ட் கேட்பார்கள், அது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

"மேடம், அவர்கள் மொழியில் உலகத்தைப் படைத்தவருக்கு அந்தப் பெயர். நான் மலையாளி என்று நினைத்துவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். தலைத்துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொலைந்தேன், அழுகிறார் என்று பயந்தேன். துணியை எடுத்தபோது கண்ணெல்லாம் சிரிப்பு.

"அவருக்கு விசா வேண்டாம்," என்றார். "ஆனால் சிஸ்டத்துக்கு அது தெரியாது."

பிறகு மறுபடியும் அதிகாரி ஆனார். ஐந்து பேர் என்று பதிவாகிவிட்டது. ஆளை மாற்றலாம், ஆளைக் குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் ரத்து செய்து, புதிய விண்ணப்பம், அடுத்த வாரம்தான். மாற்றுவதானால் இங்கே வசிக்கிற ஒருவருடைய ஐடியும் கம்பெனியின் சம்மதமும் போதும். ஆனால் அவர் மேடையில் இருக்க வேண்டும். பார்க்க ஆள் வரும், எண்ணும்.

"உங்களுக்கு நிஜமாகவே ஒரு ஷிபு தெரியுமா?" என்று கேட்டார்.

மேடம், வளைகுடாவில் இந்தக் கேள்வியை யாரைப் பார்த்தும் கேட்கலாம். நான் போனை எடுத்தேன்.

6

எலெக்ட்ரீஷியன் ஷிபு ஏணிமேல் இருந்தார். கீழே இறங்கவே இல்லை.

"எண்டே பொன்னு சேட்டா, ஞான் லைட் இடுந்ந ஆளாணு. லைட்டில் நிக்குந்ந ஆளல்ல!"

"ஒண்ணும் வேண்டாம் ஷிபு. ஒரு கிலுகிலுப்பையைக் கையில வச்சுக்கிட்டு ஓரமா நிக்கணும். அவ்வளவாக்கும்."

"கை விறைக்கும், சேட்டா."

"கை நடுங்கினா கிலுகிலுப்பை தானா ஆடும். நல்லதாக்கும் அது."

இந்த வாதத்தில் அவர் மடங்கினார். அவரை அழைத்துக்கொண்டு மரிசோலிடம் போகும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவர்கள் சாமி பெயரில் எங்கள் லைட்மேனைக் கொண்டுபோய் நிறுத்துகிறேனே, மனம் புண்பட்டால்? கேட்டேவிட்டேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அம்மா சொன்ன ஒரு கதையைச் சொன்னார். சிபு ஒருமுறை உடம்பெல்லாம் புண்ணோடு, அழுக்கு மனிதனாக ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று குடிக்கக் கொக்கோ கேட்டாராம். அருவருத்து விரட்டியவளும் உண்டு, கலக்கிக் கொடுத்தவளும் உண்டு. கொடுத்தவளைத்தான் அவருக்குப் பிடித்தது. "அதனால் யார் வந்தாலும் விரட்டுவதற்கு எங்களுக்குக் கொஞ்சம் பயம்," என்றார். "ஆனால் நடு மைக் காலியாகவே இருக்கட்டும். இவர் டிரம்ஸ் பக்கத்தில்."

அப்புறம் ஐந்து என்பதற்கு அம்மாவின் மொழியில் ஒரே சொல் கிடையாது, எண்ணுவது ஆளா, உருண்டையா, தட்டையா என்பதைப் பொறுத்து மாறும் என்றார். நான் விடவில்லை. எங்களுக்கும் பொருளுக்கு ஐந்து, ஆளுக்கு ஐவர் என்றேன். அரபியில் எண்ணைச் சொல்லிப் பக்கத்தில் நஃபர் போட்டுவிடுவோம் என்றேன். "அப்படியானால் சிபுவை எந்த எண்ணில் சேர்ப்பீர்கள், மிஸ்டர் மைக்கேல்?" என்று கேட்டார். அதைச் சேர்த்துவிட்டுத்தான் இந்தப் பாடுபடுகிறேன் என்றேன்.

மைக்கேல் என் அப்பா பெயர் என்றும் சொன்னேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்களில் குலம் அம்மா வழி. அம்மா எந்தக் குலமோ பிள்ளையும் அதே குலம். அப்பா பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு திரிவது அங்கே யாருக்கும் புரியாது என்றார்.

வெள்ளிக்கிழமை பகலுக்குள் பெர்மிட் வந்தது. ஐந்தாம் கலைஞர் பெயரில், ஆங்கிலத்தில், ஒரே ஒரு 'எச்' எழுத்துத்தான் கூடியிருந்தது. ஷெரினுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. வரவேண்டாம் என்றது வரலாம் என்று மாறவில்லை.

7

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னபடி பின்னால் லாரியருகே நின்றேன். மேடைக்குப் பக்கவாட்டில் கறுப்புத் திரை, அதில் ஒரு இடுக்கு. இடுக்கு வழியே பார்ப்பது முன்னால் வருவதில் சேராது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அரங்கம் நிறைந்திருந்தது. ஜெசிந்தா இரண்டாம் வரிசையில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். யாருக்கென்று தெரியவில்லை.

கடைசிப் பாட்டு. பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஷெரின் பேஸைத் தோளில் மாட்டினாள். டிரம்ஸ் பக்கத்தில் எங்கள் ஷிபு, கடன் வாங்கிய கறுப்புச் சட்டையில், கிலுகிலுப்பையைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பெர்மிட் பார்க்க வந்தவர் ஓரத்தில் நின்று, பிள்ளைகளை விட்டுவிட்டு, விரலால் எண்ணினார். ஐந்து.

மரிசோல் எழுந்தார். நடு மைக் மேல் ஒரு வெளிச்சம் விழுந்தது. "சிபூ!" என்று நீட்டிக் கூப்பிட்டார்.

அமைதி. அந்த அமைதியைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்கிறார். ஒத்திகையில் பத்துத் தடவை சொல்லியும், தன் பெயரைக் கேட்ட ஷிபுவால் நிற்க முடியவில்லை. "ஓ!" என்று பதில் கொடுத்துவிட்டு நேரே நடந்துபோய் வெளிச்சத்தில் நின்றார். மைக் முன்னால் நின்றதும் கை தானாக அதைத் தட்டியது. பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது:

"செக்... செக்... செக்."

எனக்கு உயிர் போய்விட்டது. மரிசோல் அசையவில்லை. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி உறைந்திருந்தார். ஷிபுவுக்கு அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது, கை நடுங்க, கிலுகிலுப்பை தானாக ஆடியது. முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். நான் ஷெரினைப் பார்த்தேன். புதன்கிழமைச் சிவப்பு அவள் காதில் ஏறுவது தெரிந்தது. முடிந்தது, மறுபடியும் என்னால், என்று நினைத்தேன்.

ஷெரின் கண்ணை மூடினாள். தும். தும். தும். அந்த மூன்று 'செக்' விழுந்த அதே இடைவெளியில் மூன்று அடி. மறுபடியும். நான்காவது தடவை கொஞ்சம் வளைத்தாள். டிரம்ஸ்காரர் முகம் மலர்ந்து தகட்டில் செக் செக் என்று பிடித்துக்கொண்டார். ஷிபுவின் நடுக்கம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மரிசோலின் இடது கை அரைக்க ஆரம்பித்தது. சிரிப்பு நின்று கூட்டம் கை தட்டியது.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அவ்வளவு சந்தோஷம். தோளோடு தோள் கோத்து வட்டமாகப் போகிற ஆட்டம் ஒன்று அவர்களுக்கு உண்டு. புல்லாங்குழல்காரர் கீழே இறங்கிக் கூட்டத்தை இழுத்தார். டயர் கடையில் வேலை பார்க்கிற பட்டாணியர்கள், வெள்ளைக்காரிகள், பெர்மிட் பார்க்க வந்தவர், என் ஜெசிந்தா, எல்லோரும் வட்டத்தில். எண்ண வந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். நான் லாரிப் பக்கம் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு வட்டம் போட்டேன்.

முடிந்ததும் மரிசோல் கையில் மைக்கை எடுத்தார். "எத்தனையோ ஊரில் அந்த மைக்கைக் காலியாக விட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் கூப்பிட்டதும் ஒருவர் வந்தார்," என்றார். ஷிபு அழுதுவிட்டார். பிறகு பிள்ளைகளைத் தங்கள் வழக்கப்படி, அம்மா பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். "ஷெரின், ஜெசிந்தாவின் மகள்."

கைதட்டல். இடுக்கில் நின்று நானும் தட்டினேன். அருளப்பன் இல்லாமல் அந்தப் பெயர் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தோன்றியது.

ஷெரின் மரிசோலிடம் கை நீட்டி மைக்கைக் கேட்டாள். ஆங்கிலத்தில் பேசினாள். ஷிபு எப்படி இந்த மேடைக்கு வந்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றாள். ஒருவர் கடவுளுக்குப் பெர்மிட் போட்டார் என்றாள். பாஸ்போர்ட் காப்பி, வெள்ளைப் பின்னணி, ஓட்டலில் தூங்குகிறாரா என்று கேட்டது, ஒன்றையும் விடவில்லை. அரங்கம் உருண்டு புரண்டது. அந்தத் தப்பு நடக்காவிட்டால் இந்தப் பாட்டு இன்றைக்கு இப்படித் தொடங்கியிருக்காது என்றாள். பிறகு திரும்பி, கறுப்புத் திரையில் இருக்கிற இடுக்கை நேராகப் பார்த்தாள். நான் அங்கே நிற்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"வாங்கப்பா," என்றாள்.

நான் வெளிச்சத்துக்கு வந்தேன். வேர்த்த சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, அங்கே பாதிப் பேருக்குப் புரியாது என்று தெரிந்தே தமிழில் சொன்னாள்:

"எங்கப்பாவாக்கும்."

ஸ்பீக்கர் எல்லாம் எங்கள் கம்பெனியுடையது. அந்த 'ஆக்கும்' கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.